கறுப்பு அங்கிக்கு முன் எத்தனை பாரம்

மலாக்காவின் தஞ்சோங் கிளிங்கில் பிறந்த ஒரு பிள்ளை இன்றைக்கு வீட்டுச் சாப்பாட்டை விடாமலே வழக்கறிஞர் ஆகிவிடலாம். மல்டிமீடியா பல்கலைக்கழகத்தின் சட்டப்புலம் அதன் மலாக்கா வளாகத்தில், ஆயர் குரோ பக்கம் இருக்கிறது. உயர்நீதிமன்றம் கூடும் நீதிமன்ற வளாகமும் ஆயர் குரோவில்தான். சாலை காலியாக இருந்தால் கிளேபாங் வழியாகப் போய்ச் சேர அரைமணி நேரம் ஆகும். படிப்பு, சேம்பரிங் என்னும் தொழிற்பயிற்சி, அங்கி அணியும் நாள், மூன்றும் அந்த அரைமணித் தூரத்துக்குள் முடிந்துவிடும். அறுபது ஆண்டுகளுக்கு முன்பு இதே ஊர்ப் பிள்ளைக்கு இருந்த வழிகள் இரண்டு: சிங்கப்பூர் அல்லது லண்டன்.

லண்டன் வழியில் லிங்கன்ஸ் இன், கிரேஸ் இன், இன்னர் டெம்பிள், மிடில் டெம்பிள் என்ற நான்கு வழக்கறிஞர் மன்றங்களில் ஒன்றில் சேர வேண்டும். தேர்வு எழுதினால் மட்டும் போதாது. மன்றத்தின் விருந்துக்கூடத்தில் இத்தனை முறை இரவு உணவு சாப்பிட்டிருக்க வேண்டும் என்று கணக்கு உண்டு. அந்தக் கணக்கு குறைந்தால் தேர்வில் தேறியவரும் காத்திருக்க வேண்டியதுதான். சட்டக் கல்வியின் நடைமுறைகளில் இத்தனை சுவையான ஒன்று பிறகு வரவே இல்லை. ஆனால் கப்பல் கட்டணம், அறை வாடகை, குளிர்காலக் கோட்டு என்று செலவு ஏறும்போது அந்த விருந்து யாருக்கு எட்டியது? பட்டணத்தில் ஆங்கிலப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு, அரசாங்க உத்தியோகத்தில் இருந்த யாழ்ப்பாணத்துக் குடும்பங்களுக்கு, நிலமும் கடையும் வைத்திருந்தவர்களுக்கு. அந்தக் காலத்துத் தமிழ் வழக்கறிஞர்களை எண்ணிப் பெருமைப்படும்போது இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பால்மரக் காட்டிலிருந்து நேராக லண்டனுக்குப் போனவர் அபூர்வம்.

சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகம் 1957 இல் சட்ட மாணவர்களைச் சேர்த்தது. முதல் அணி 1961 இல் பட்டம் பெற்றது. கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகச் சட்டப்புலம் தொடங்க 1972 ஆகிவிட்டது. அகமது இப்ராஹிம் அதன் முதல் புலத்தலைவர்.

இதே காலத்தில் மலாக்காத் தோட்டங்களில் சட்டம் என்ன நிலையில் இருந்தது? இந்நாட்டில் வணிக நோக்கோடு ரப்பர் முதலில் நடப்பட்டது இந்த மாநிலத்தில்தான். 1896 இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் சுமார் நாற்பது ஏக்கரில் நட்டார். பிறகு புக்கிட் அசகானில் ஆயிரக்கணக்கான ஏக்கர். அந்த மரங்களுக்குப் பின்னால் நம் ஆட்கள் வந்தார்கள். லயத்துத் தமிழ்ப்பள்ளி ஆறாம் வகுப்போடு நின்றது. அதற்குமேல் படிக்க ரிமூவ் வகுப்பில் ஓராண்டு கழித்துப் பட்டணப் பள்ளிக்குப் பஸ் ஏற வேண்டும். தோட்டத்து மனிதருக்குச் சட்டம் என்றால் போலீஸ் ஸ்டேஷன், தொழிலாளர் இலாகா, துரை நீட்டிய நோட்டீஸ். 1967 இல் புக்கிட் அசகான் தோட்டத் தொழிலாளர்கள் தங்கள் குறையைச் சொல்லக் கோலாலம்பூருக்கு நடந்தே போனார்கள். வக்கீல் கடிதம் எழுதி வாங்கும் வசதி பக்கத்தில் இருந்திருந்தால் கால்கள் அத்தனை தூரம் தேய்ந்திருக்காது.

தோட்டத்தில் எல்லாப் பாரங்களுக்கும் ஒரே கவுண்டர் ஆபீஸ் எழுத்தரான கிராணிதான். கடிதம் தோட்ட ஆபீசுக்கு வரும், பெரட்டு நேரத்தில் பெயர் கூப்பிட்டுக் கொடுப்பார். நல்ல கிராணி வாய்த்த தோட்டத்தில் பிள்ளைகளுக்கு உபகாரச் சம்பளப் பாரம் தேடி வந்தது, பிழை திருத்தி, சான்றிதழ் நகலில் யாரிடம் கையெழுத்து வாங்குவது என்றும் சொல்லிக் கொடுத்தார். அலட்சியமான கிராணி இருந்த இடத்தில் நேர்முகத் தேர்வுக் கடிதம் மேசை இழுப்பறையில் கிடந்து, தேதி போன பிறகு கைக்கு வரும். ஒரு பிள்ளையின் பல்கலைக்கழகம் இன்னொருவர் மனநிலையைப் பொறுத்திருந்தது. அந்தக் காலத்தை ஏக்கத்தோடு பேசுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

தஞ்சோங் கிளிங் வட்டாரத்தின் முகத்தை மாற்றியது இங்கே அமைந்த தடையற்ற வாணிப வட்டாரம். தொழிற்சாலைகள் வந்தன, தோட்டத்துப் பெண்கள் சீருடை போட்டு ஆலைப் பஸ் ஏறினார்கள். ரப்பர் செம்பனையானது, செம்பனை தாமான் ஆனது. புக்கிட் ரம்பாய், செங், பாயா ரும்புட் பக்கங்களில் வீடு வாங்கியவர்களில் பலர் லயத்தில் வளர்ந்தவர்கள். அம்மா ஷிப்ட் வேலை பார்த்த சம்பளத்தில் பிள்ளை ஆறாம் படிவம் படித்தது. வழக்கறிஞர் என்ற கனவு தோட்டத்துப் பேரப்பிள்ளைகள் வீட்டுக்குள் வந்தது அந்த மாதச் சம்பளத்தின் வழியாகத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் கனவோடு பழைய காகிதங்களும் கூடவே வந்தன. இங்கேதான் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

சட்டத்தொழில் சட்டம் 1976, மேற்கு மலேசியாவில் வழக்கறிஞராக விரும்புகிறவரிடம் முதலில் கேட்பது மிக எளிய விஷயங்கள். பதினெட்டு வயது ஆகியிருக்க வேண்டும். நன்னடத்தை உள்ளவராக இருக்க வேண்டும், திவாலானவர் என்று அறிவிக்கப்பட்டிருக்கக் கூடாது. மலேசியக் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும். கடைசி வரியைப் படித்துவிட்டுச் சாதாரண வீட்டுப் பிள்ளை கடந்து போய்விடும். நம்மில் சில வீடுகளில் அந்த வரி மூன்று தலைமுறைக் கதை.

சுதந்திரத்தின்போது குடியுரிமைக்கு மனுப்போடாமல் விட்டவர்கள் தோட்டங்களில் ஏராளம். 'இங்கேயே பிறந்தோம், இங்கேயே பால் வெட்டுகிறோம், தனியாக எதற்குப் பாரம்' என்று இருந்தவர்கள். 1969 இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதி கட்டாயம் ஆனபோதுதான் பலருக்கு அந்தக் காகிதத்தின் எடை தெரிந்தது. பல்லாயிரம் பேர் தமிழகத்துக்குக் கப்பலேறினார்கள். இருந்தவர்களில் பலர் சிவப்பு ஐசியோடு காலம் தள்ளினார்கள். சிவப்பு ஐசி நிரந்தரவாசியின் அட்டை, அதை வைத்திருப்பவருக்குச் சட்டத்தொழில் கதவை மூடவில்லை. தற்காலிகவாசியின் பச்சை ஐசி வைத்திருப்பவருக்கும் எந்த ஐசியும் இல்லாதவருக்கும் கதவு திறக்காது. வீட்டில் பிரசவம், தாய் தந்தை கல்யாணம் பதியப்படவில்லை, பிறப்பைப் பதியத் தாமதம் என்று தொடங்கும் கதைகள் அங்கே போய் முட்டுகின்றன. 2011 இல் ஆவணம் இல்லாதவர்களுக்காக அரசாங்கம் நடத்திய மைடஃப்தார் பதிவு இயக்கத்தில் வரிசையில் நின்றவர்களைப் பார்த்தவர்களுக்கு இது பழங்கதை இல்லை என்று தெரியும்.

குடியுரிமை சரியாக இருக்கும் வீட்டிலும் பெயர் சரியாக இருப்பதில்லை. அந்தக் காலத்தில் பிறப்பைப் பதிந்தவர் காதில் விழுந்தபடி எழுதினார். லெட்சுமி என்ற ஒரே பெயர் ஆங்கில எழுத்துகளில் ஒரே குடும்பத்தில் மூன்று விதமாக இருக்கும். அப்பாவின் பெயர் பிள்ளையின் சூராட் பெரானாவில் (பிறப்புச் சான்றிதழில்) ஒரு விதம், அப்பாவின் சொந்த ஐசியில் இன்னொரு விதம். பள்ளிக்கூடம் ஒன்றைப் பார்த்து எழுதும், எஸ்பிஎம் சான்றிதழ் அதையே பிடித்துக்கொள்ளும், பட்டச் சான்றிதழ் மற்றொன்றைக் காட்டும். இத்தனை காலம் யாரும் கேட்காத கேள்வியை நீதிமன்றத்துக்குப் போகும் மனு கேட்கிறது: இந்தக் காகிதங்களில் இருப்பவர்கள் எல்லாரும் ஒரே ஆளா? ஆம் என்று 1960 ஆம் ஆண்டு அகுவான் பெர்கானுன் சட்டத்தின்படி சத்தியப் பிரமாண ஆணையர் முன்னிலையில் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். சில வேளைகளில் தேசியப் பதிவு இலாகாவுக்கே போய்த் திருத்த வேண்டியிருக்கும். சட்ட மாணவர்கள் வந்து கேட்கும் கேள்விகளில் தலையாயது எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். சட்டப் புத்தகத்தில் இதற்குத் தனி அத்தியாயம் கிடையாது.

மற்ற கேள்விகள் பெரும்பாலும் 1984 இலிருந்து தொடங்குகின்றன. அந்த ஆண்டு இரண்டு விஷயங்கள் நடந்தன. ஒன்று, வழக்கறிஞராக வருகிறவர் மலாய்மொழித் தகுதித் தேர்வில் தேற வேண்டும் அல்லது விலக்குப் பெற வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. எஸ்பிஎம் மலாய்மொழியில் கிரெடிட் இருந்தால் இன்று அந்த விலக்கு எளிதாகக் கிடைக்கிறது. பழைய ஆங்கிலப் பள்ளித் தலைமுறையை மிரட்டிய விதி இது. தமிழ்ப்பள்ளியில் தொடங்கித் தேசிய இடைநிலைப் பள்ளியில் முடித்த இன்றைய பிள்ளைக்கு மலாய் வாதம் தண்ணீர் பட்ட பாடு. இந்த ஒரு விஷயத்தில் தோட்டத்துப் பேரன் லண்டன் பாரிஸ்டர் மகனை முந்திவிட்டான்.

இரண்டாவது, சிஎல்பி என்று எல்லாரும் சொல்லும் சட்டத்தொழில் சான்றிதழ்த் தேர்வு. வெளிநாட்டுப் பட்டம் பெற்றவர்களுக்காகத் தற்காலிக ஏற்பாடாக வந்தது. தற்காலிகம் நாற்பது ஆண்டுகளைத் தாண்டிவிட்டது! பொதுத்தாள், சிவில் நடைமுறை, குற்றவியல் நடைமுறை, சாட்சியம், தொழில்முறை என்று ஐந்து தாள்கள். லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிநிலைப் பட்டத்தை இங்கிருந்தபடியே படித்தவர்களும், பிரிக்பீல்ட்ஸ் பக்கத்துத் தனியார் கல்லூரிகளில் இரண்டாண்டு படித்துக் கடைசி ஆண்டுக்கு இங்கிலாந்து போய் வந்தவர்களும் இங்கிலாந்தில் பாரிஸ்டராகாவிட்டால் இந்த வாசலைத் தாண்டித்தான் ஆக வேண்டும். நம் சமூகத்தில் எண்பதுகளுக்குப் பிறகு வந்த வழக்கறிஞர்களில் பலர் இந்த வழியில் வந்தவர்கள். பகலில் வேலை பார்த்துக்கொண்டு இரவில் படித்து, மறுபடி மறுபடி எழுதித் தேறியவர்கள் அதில் உண்டு.

மலாயாப் பல்கலைக்கழகம் முதலிய அரசுப் பல்கலைக்கழகச் சட்டப் பட்டதாரிகளுக்கு சிஎல்பி வேண்டாம். 1996 இல் யுனிவர்சிட்டி டெலிகொம் என்ற பெயரில் தொடங்கிய மல்டிமீடியா பல்கலைக்கழகம் தனியார் நிறுவனம்தான். இருந்தும் அதன் சட்டப் பட்டத்துக்கும் இந்த விலக்கு உண்டு. மலாக்காப் பிள்ளைகளுக்கு இது எவ்வளவு பெரிய சலுகை என்பது கோலாலம்பூரில் சிஎல்பி வகுப்புக்கு அறை எடுத்துத் தங்கிய முந்திய தலைமுறையைக் கேட்டால் தெரியும்.

ஆனால் இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, அதில் விழுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 'சட்டப் பட்டம்' என்று விளம்பரத்தில் இருப்பதெல்லாம் வழக்கறிஞர் ஆவதற்கான பட்டம் ஆகாது. சட்டத்துறைத் தலைவர் தலைமையில் இயங்கும் சட்டத்தொழில் தகுதி வாரியம்தான் அதை முடிவு செய்கிறது. வாரியம் பட்டத்தை மட்டும் பார்ப்பதில்லை, பட்டப்படிப்பில் நுழைந்தபோது கையில் என்ன தகுதி இருந்தது என்பதையும் பார்க்கிறது. எஸ்டிபிஎம், ஏ லெவல் போன்ற வழக்கமான வழியில் வந்தவருக்குச் சிக்கல் குறைவு. வேறு சுற்றுவழியில் ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் இடம் கொடுத்துவிட்டது என்று மகிழ்ந்து, மூன்றாண்டு கட்டணத்தையும் கட்டி முடித்து, சிஎல்பிக்கு மனுப்போடும்போதுதான் கதவு சாத்தியிருப்பது தெரிய வந்தால்? பல்கலைக்கழகத்தின் மீது குறை சொல்லவும் வழியில்லை, அது பட்டம் தருவதாகத்தான் சொன்னது.

படிக்கும் காலத்து நடைமுறைகள் எல்லாப் புலங்களுக்கும் பொது. முன்பு பெரிய பாரத்தில் பென்சிலால் வட்டம் தீட்டியோ, பிஎஸ்என் வங்கியில் பணம் கட்டிப் பின் நம்பர் வாங்கியோ நடந்த, அரசுப் பல்கலைக்கழகங்களுக்கான யுபியு விண்ணப்பம் இன்று கைப்பேசியில் முடிகிறது. பாடப்பதிவு, பாடத்தைக் கைவிடுதல், பருவத்தை ஒத்திவைத்தல் எல்லாமே இணையத்தில். வருகை பெரும்பாலான இடங்களில் 80 விழுக்காட்டுக்குக் குறைந்தால் தேர்வெழுத விடமாட்டார்கள். வீட்டில் சாவு, காய்ச்சல், பஸ் வரவில்லை, எதுவானாலும் சான்றோடு அந்த வாரத்திலேயே சொல்லிவிட வேண்டும். பருவத்தை ஒத்திவைக்கும் பிள்ளை, கல்விக்கடன் தரும் பிடிபிடிஎன் அலுவலகத்துக்கும் தெரியப்படுத்த மறந்தால் பிறகு பணம் நின்றுபோய் முழிக்கும்.

பிடிபிடிஎன் என்றதும் அடிக்கடி வரும் ஒரு கேள்வி: "அக்கா, கடன் பாக்கி இருந்தா லாயர் ஆக விடமாட்டாங்களாமே?" கடன் வாங்கியது குற்றம் இல்லை, பாக்கி இருப்பதும் சட்டத்தொழில் சட்டத்தில் தடையாகச் சொல்லப்படவில்லை. திவால் என்று அறிவிக்கப்படுவதுதான் தடை. முதல் வகுப்பில் தேறினால் கடனைத் திருப்பிக் கட்டுவதிலிருந்து விலக்குக் கேட்கலாம் என்பதையும் சேர்த்துச் சொன்னால் கேட்ட பிள்ளையின் முகம் மலரும். 1997 இல் பிடிபிடிஎன் வருவதற்கு முன் இதே பிள்ளையின் அப்பா நகையை அடகு வைத்திருப்பார், அல்லது ஏதாவது சங்கத்து உபகாரச் சம்பளத்துக்குத் தமிழ்ப் பத்திரிகையில் அறிவிப்பு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

பட்டம் கையில் வந்த பிறகு ஒன்பது மாத சேம்பரிங். முன்பு பயிற்சி தரும் மாஸ்டர் கிடைப்பது முழுக்க ஆள் பழக்கம். அப்பா ஓட்டிய காரின் முதலாளி ஒரு வக்கீலைத் தெரிந்து வைத்திருந்தால் பிள்ளைக்கு இடம். இப்போது மின்னஞ்சலில் விண்ணப்பம் போகிறது, பயிற்சிக்கு வந்தபோது வேலையைப் பார்த்தவரே கூப்பிடுகிறார். ஆனாலும் மாஸ்டர் குறைந்தது ஏழாண்டு தொழில் செய்தவராக இருக்க வேண்டும் என்பதை விசாரிக்காமல் சேர்ந்து, கழிந்த மாதங்கள் கணக்கில் வராமல் போனால் யாரை நோவது? சேம்பரிங் காலத்தில் மலேசிய வழக்கறிஞர் மன்றத்தின் அனுமதி இல்லாமல் வேறு வேலை எதுவும் பார்க்கக் கூடாது, பகுதி நேரமும் கூடாது. இரவில் கிராப் ஓட்டுவதும் வேலைதான். சிறிய அலுவலகத்துப் படிக்காசில் குடும்பத்துக்கும் கொஞ்சம் கொடுக்க வேண்டிய பிள்ளைக்கு இந்த விதி கொடுமையாகத்தான் இருக்கிறது. பயிற்சி முழுக் கவனத்தோடு நடக்க வேண்டும் என்ற நியாயம் புரிகிறது, அந்த நியாயத்துக்கு ஏற்ற சம்பளத்தைக் கொடுப்பதும் தொழிலின் கடமை என்பது என் கட்சி.

மூன்று மாதம் கழிந்தால் ஷார்ட் கோல் என்ற வரம்புக்குட்பட்ட அனுமதி பெற்று கீழ்நீதிமன்றங்களில் நின்று பேசலாம். நடுவே தொழில் ஒழுக்க வகுப்பு, சட்ட உதவி மையத்தில் கட்டாயப் பணி. மனு நீதிமன்றத்தில் தாக்கலாகி, அதன் நகல் சட்டத்துறைத் தலைவருக்கும் வழக்கறிஞர் மன்றத்துக்கும் மாநில வழக்கறிஞர் குழுவுக்கும் போக வேண்டும். அறிவிப்புக் காலம் மூன்று மாதம் ஓடும். ஒன்பது மாதம் முடிந்த பிறகுதான் மனுவை நினைத்தவர்கள் வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்க நேர்கிறது. சபா, சரவாக்கில் போய்த் தொழில் செய்யலாமா என்று கேட்கிறவர்களுக்கு ஒரு வரி: அங்கே சட்டமே வேறு, இந்தப் பதிவு அங்கே செல்லாது.

வழக்கறிஞராக ஏற்கப்படும் லாங் கோல் நாளில் ஆயர் குரோ நீதிமன்ற வளாகத்தில் வேட்டி, சேலை, மாலையோடு நிற்கும் குடும்பங்களைப் பார்க்கலாம். கோவிட் காலத்தில் இதுவும் ஜூம் திரையில் நடந்தது. தாத்தா பாட்டி நீதிமன்றத்துக்குள் குற்றக்கூண்டு, சாட்சிக்கூண்டு இரண்டைத் தவிர வேறெந்த இடத்திலும் நின்றிராத குடும்பங்கள் அவை.

இப்போதைய நடைமுறை அன்றையதைவிட நியாயமானது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. விதிகள் எல்லாருக்கும் தெரியும்படி இருக்கின்றன, யாருடைய இழுப்பறையிலும் கடிதம் கிடப்பதில்லை. ஆனால் எந்தப் பாரத்தை எப்போது போடுவது என்று தெரிந்துகொள்ளும் பொறுப்பு முழுவதும் பிள்ளையின் தலையில் ஏறிவிட்டது. வீட்டில் முதல் பட்டதாரியாகப் போகும் பிள்ளைக்கு அதைச் சொல்ல அப்பாவும் இல்லை, கிராணியும் இல்லை. வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் போன ஆண்டு விதியைச் சொல்கிறார், இன்னொருவர் தன் நண்பருக்கு நடந்ததை விதி என்கிறார். கணினியோ நள்ளிரவு பன்னிரண்டுக்குக் கதவைச் சாத்திவிடும், அதனிடம் கெஞ்சவும் முடியாது.

ஆகையால் தஞ்சோங் கிளிங், புக்கிட் ரம்பாய் பக்கத்துப் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைக்குப் பன்னிரண்டு வயதில் ஐசி எடுக்கும்போதே சூராட் பெரானாவையும் உங்கள் ஐசிகளையும் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் எஸ்பிஎம் பதிவுக்கு முன்பே பதிவு இலாகாவுக்குப் போய்த் திருத்திவிடுங்கள். சட்டம் படிக்கப் போவதாகப் பிள்ளை சொன்னால், கல்லூரியில் முன்பணம் கட்டுவதற்கு முன் தன் தகுதியையும் சேரப்போகும் பட்டத்தின் பெயரையும் குறிப்பிட்டுத் தகுதி வாரியத்துக்கு எழுதிக் கேட்கச் சொல்லுங்கள், பதில் வரும்வரை காசோலையில் கையெழுத்துப் போடாதீர்கள்.